உடுக்குறி

மாகாணத்துக்கு நீலக் கம்பம்.
அதன் தோள்மூட்டுக்குச் சற்றுக் கீழே
எங்கள் வலயம், செம்மஞ்சள்.
நிறத்தைத் தெரிந்தது நான்.
சிவப்பு அடித்தால் பணிப்பாளர் முகம் சுளிப்பார்,
பச்சை அடித்தால் பொய்.

மாங்குளத்தில் கரண்ட் போய் வந்தது.
சேமிக்காத நான்கு பாடசாலைகள் போய்விட்டன.
திரும்பத் தட்டினேன்:
சாதாரணதரம். கணிதம்.
தோற்றியோர், சித்தியடைந்தோர், வீதம்.

மாகாணத்தில் ஒரு பிள்ளை
தசமப் புள்ளிக்குப் பின்னால் எங்கோ நிற்கிறது.
இருந்தாலும் தெரியாது,
எழும்பிப் போனாலும் தெரியாது.
விளாங்கண்டல் வித்தியாலயத்தில் மொத்தம் பதினொரு பேர்.
அங்கே ஒரு பிள்ளையின் எடை ஒன்பது வீதம்.
ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால்
பள்ளிக்கூடமே ஒன்பது படி இறங்கும்.
கணித ஆசிரியர் செவ்வாயும் வியாழனும் மட்டும்,
மிச்ச நாள் அவர் வேறு பள்ளிக்குச் சொந்தம்.
திங்கட்கிழமைக் கணிதத்தைப் பிள்ளைகள்
கிளித்தட்டு மறித்துப் படிக்கிறார்கள்.
அதற்கு என் அட்டவணையில் நிரல் இல்லை.

இந்த முறை விளாங்கண்டல் ஏறியிருக்கிறது.
ஐம்பத்தைந்து தசம் ஆறு!
நீலத்தையே எட்டிப் பார்க்கிற உயரம்.
"பாத்தீங்களா," என்றார் பணிப்பாளர்,
கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு.

நான் கலாமோகன் அதிபருக்குப் போன் எடுத்தேன்.
தோற்றியவர் ஒன்பது பேர்தான்.
பவிசனும் யதுர்சிகாவும் ஆற்றுக்கு அந்தப் பக்கம்.
கணிதச் சோதனையன்று விடிய
பாலத்துக்கு மேலால் இடுப்பளவு தண்ணி.
றக்ரர்க்காரன் இறங்கிப் பார்த்துவிட்டுத்
திரும்பி ஏறியிருக்கிறான்.
அனுமதி அட்டையைச் சொப்பிங் பையில் சுற்றி
சட்டைக்குள் செருகியபடி
ஒன்பது மணிவரை நின்றார்களாம்.
ஒன்பதுக்குப் பிறகு நின்றார்களா என்று
அதிபருக்குத் தெரியவில்லை.

வந்திருந்தால்,
இரண்டு பேரும் சறுக்கியிருந்தால்,
நாற்பத்தைந்து தசம் ஐந்து.
வெள்ளம் எங்களுக்குப் பத்து வீதம் தந்திருக்கிறது.
வேறு எந்தத் திட்டமும் இவ்வளவு தரவில்லை.

ஐம்பத்தைந்துக்குப் பக்கத்தில் ஓர் உடுக்குறி வைத்தேன்.
அடியில், எட்டாம் அளவு எழுத்தில்:
இருவர் தோற்றவில்லை, பாலம்.

"இது என்ன?"
"சேர், விளக்கம்."
"விளக்கம் சொல்லவா அங்க போறம்?
கம்பத்தை மட்டும் காட்டுவம்."
அவரும் பாவம்.
மாகாணத்துக்கு மேலே நாடு என்று ஒரு கம்பம் இருக்கிறது,
அதன் பக்கத்தில் மாகாணம் நிற்கிறபோது
அங்கேயும் யாரோ ஒருத்தி
நிறம் தெரிந்துகொண்டிருப்பாள்.

அழித்தேன். அடிக்குறிப்பை மட்டும்.
மேலே இருந்த உடுக்குறி
என் கண்ணில் படவில்லை.
படவில்லை என்றுதான் சொல்லிக்கொண்டேன்.

யாழ்ப்பாணத்தில் கூட்டம்.
குளிரில் கைவிரல் விறைத்தது.
திரையில் எங்கள் கம்பம் ஆறு விநாடி நின்றது,
தலைமாட்டில் தனி வெள்ளி ஒன்றோடு.
ஒருவரும் கேட்கவில்லை.
அடுத்த வலயம், அதற்கடுத்த வலயம்.
நீலம் மட்டும் அசையாமல் அதே இடத்தில்.

தேநீர் வேளையில்
முன்பின் தெரியாத ஒருவர் வந்து நின்றார்.
எங்களைப் போல் இன்னொரு சின்ன வலயம்,
கழுத்தில் தொங்கிய அட்டையில் பெயர் மங்கியிருந்தது.
"தங்கச்சி, அந்த உடுக்குறிக்குக் கீழ என்ன இருந்தது?"

"தண்ணி," என்றேன்.

பிஸ்கற்றைத் தேநீரில் தோய்த்தார்.
பாதி உடைந்து கோப்பைக்குள் விழுந்தது.
"எங்களுக்கு யானை," என்றார்.